ஜெயசித்ரா படுத்திருந்த பன்னிரண்டு நிமிடம்

ஜெயசித்ராவுக்குப் பதினோரு மாதம் டைபாய்டு இருந்தது. அவள் குடியிருந்த தெருவில் அப்படித்தான் பேச்சு. எந்த டைபாய்டு பதினோரு மாதம் இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. சொன்னவன் அவள் கணவன் இசக்கித்துரை; சங்கரன்கோவிலில் மைக் செட் வைத்திருப்பவன். கல்யாணம், சடங்கு, கோயில் கொடைத் திருவிழா, கட்சிக் கூட்டம் எதுவானாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுவதும் மைக்கைப் பிடித்து அறிவிப்பதும் அவன்தான். அவன் வாயிலிருந்து வந்தால் அது ஊருக்கே அறிவித்த மாதிரி. அறிவித்ததை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

உண்மையில் அவளுக்கு ஒரு நாள்கூடக் காய்ச்சல் அடிக்கவில்லை.

அவள் இளையரசனேந்தல்காரி. அப்பாவுக்கு மானாவாரி நிலம். மழை பெய்தால் உளுந்து, பெய்யாவிட்டால் மழையைப் பற்றிய பேச்சு. அஞ்சல் வழியில் பி.காம். முடித்தாள். டைப்ரைட்டிங்கில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர். கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்த மூன்றாம் மாதமே தாலுகா அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, பக்கத்து வீட்டுக்காரனின் சாக்கடை. வந்தவர்கள் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் சொல்வதையெல்லாம் 'மேற்படி நபர்', 'மேற்படி இடம்' என்று நிதானமாக அடித்துக் கொடுப்பாள். ஊரில் யாருக்கு என்ன குறை, அதை எந்த அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி.

ஒரு ஐப்பசி மாதக் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. வலி இல்லை. வீட்டில் சண்டை இல்லை. யாரும் சாகவில்லை. தலைமாட்டில் இருக்கும் செம்பை எடுத்துத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று நினைப்பாள், எடுப்பதற்குள் மதியமாகிவிடும். அழுகைகூட வரவில்லை. வந்திருந்தால் அதற்காவது ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கலாம்.

இசக்கித்துரை பயந்துபோனான். முதல் வாரம், "சித்ராவ எங்க, காணுமே?" என்று தெருவில் யாரோ கேட்டபோது வாயில் வந்து விழுந்ததுதான் டைபாய்டு. அதன்பிறகு பார்க்க ஆள் வரத் தொடங்கியது. ரொட்டி வந்தது, ஆரஞ்சுப் பழம் வந்தது. காரம் ஆகாது, எண்ணெய் ஆகாது என்று வந்தவர்களெல்லாம் சொல்லிவிட்டுப் போனதால் அவன் அதையும் விடாமல் கடைப்பிடித்தான். பொய் சொன்னவன் வெளியே பரோட்டா சாப்பிட்டுவிட்டு வருவான்; அந்தப் பொய்க்குப் பத்தியம் இருந்தவள் ஜெயசித்ரா. மூன்று வேளையும் கஞ்சி, இல்லாவிட்டால் ரொட்டி.

தெருமுனையில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஞானபூரணம் அக்காதான் ஒருநாள் கட்டிலில் வந்து உட்கார்ந்து, அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இசக்கி, இது காய்ச்சல் இல்ல. எங்க அண்ணனுக்கும் இப்படித்தான் வந்துச்சு. ஆசுபத்திரியில வியாழக்கிழம மனசுக்குப் பாக்குத டாக்டர் வருதாரு. கூட்டிட்டுப் போ."

கூட்டிக்கொண்டு போனான். அதுவரை ஹெல்மெட்டே போடாதவன் புதிதாக ஒன்று வாங்கி, கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு போனான். வரிசையில் உட்கார்ந்திருந்தபோதும் கழற்றவில்லை. உள்ளே போனதும் டாக்டர் அவனைப் பார்த்துத்தான், "என்ன செய்யுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

மாத்திரையும் பேச்சுமாக அவள் மெல்ல எழுந்தாள். மறு ஐப்பசியில் ஜெராக்ஸ் கடைக்குத் திரும்பினாள். "டைபாய்டு போயிட்டா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டினாள்.

அந்த வியாழக்கிழமைகளில் ஆலோசகராக வந்துகொண்டிருந்தவள் ஜாய்ஸ். வயது இருபத்தாறு, நாகர்கோவில் பக்கம். மனச்சோர்வைப் பற்றி மக்களே சேர்ந்து ஒரு நாடகம் உண்டாக்க வேண்டும் என்பது அவள் ஆசை. எழுதுகிறவர் தனியாகக் கிடையாது, இயக்குகிறவரும் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். விதி ஒன்றே ஒன்றுதான்: யார் என்ன சொன்னாலும் 'இல்லை' என்று சொல்லக் கூடாது. 'சரி, அதோட' என்று ஆரம்பித்துத் தன் பங்கைச் சேர்க்க வேண்டும். ஏதோ ஒரு பயிற்சி முகாமில் கற்றுக்கொண்டது. அந்த விதி சங்கரன்கோவிலில் என்னவாகும் என்று முகாமில் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஞானபூரணம் அக்காவின் கடை மாடியில், பிளாஸ்டிக் குடங்களுக்கு நடுவே, ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கூடினார்கள். ஜாய்ஸைத் தவிர நான்கு பேர். ஜெயசித்ரா. ஞானபூரணம் அக்கா. செல்போன் பழுது பார்க்கும் ஆஷிக் அலி. அவனுக்கு மேடை விளக்குகள் மேல் ஒரு கண். நான்காவது வேல்சாமி அண்ணாச்சி. நாலு விசைத்தறிக்குச் சொந்தக்காரர். இளமையில் கொடை நாடகங்களில் ராஜாவாக நடித்தவர். ராஜா உடுப்பும் தகர வாளும் இன்னும் பீரோவில் இருந்தன. தூக்கம் வரவில்லை என்று ஜாய்ஸிடம் வந்தவரை அவள் இங்கே இழுத்துவிட்டாள்.

அவரவர் அனுபவத்தை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தாள். ஜெயசித்ரா அடித்துக்கொண்டு வந்தாள். ஆஷிக் அலி வாங்கி உரக்கப் படித்தான்.

"பெறுநர், நாடகக் குழுவினர் அவர்கள். பொருள்: பதினோரு மாதம் படுத்திருந்தது தொடர்பாக. ஐயா, மனுதாரராகிய நான் மேற்படி ஐப்பசி முதல் மேற்படி கட்டிலில்..." அவனால் அடக்க முடியவில்லை. "அக்கா, என்னக்கா இது, பட்டாவுக்கா எழுதுதீங்க?"

"எனக்கு இப்படித்தான் எழுத வரும். படி."

படித்தான். இரண்டாம் பத்தியில் சிரிப்பு நின்றது. செம்பு, தண்ணீர், மதியம் எல்லாம் அதில் இருந்தது. கடைசியில், 'எனவே மனுதாரர் மேடையில் பன்னிரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாமல் படுத்திருக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று முடிந்திருந்தது.

"பன்னெண்டு நிமிஷமா?" என்றார் வேல்சாமி அண்ணாச்சி.

"மாசத்துக்கு ஒரு நிமிஷம் அண்ணாச்சி. கடைசி ஒண்ணு எந்திரிக்கதுக்கு."

"சனம் எந்திரிச்சுப் போயிருமே தாயி."

"போகட்டும். அவரு போக மாட்டாரு. மைக் செட்டு அவருதுல்லா, விட்டுட்டு எங்கன போவாரு?"

ஜெயசித்ரா குடங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவரு நல்லவருதான். பதினோரு மாசமும் கூடத்தான் இருந்தாரு. ஆனா பாக்கல. பயந்து பயந்து வெளியில ஓடி, டைபாய்டுன்னு சொல்லிட்டு வந்தாரு. ஒரு தடவ இருந்து பாக்கட்டும். டைபாய்டு இல்லன்னு அவரு வாயால ஒரு தடவ சொல்லட்டும். எனக்கு அது போதும்."

"சரி," என்றார் வேல்சாமி அண்ணாச்சி, தொண்டையைச் செருமிக்கொண்டு, விதிப்படி. "அதோட, ஒரு ராஜா வருதாரு."

"எதுக்கு அண்ணாச்சி ராஜா?" என்று ஜாய்ஸ் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்கவும் கூடாது, சேர்க்கத்தான் வேண்டும்.

"வியாதிய வெட்டுததுக்கு."

"சரி, அதோட செகப்பு லைட்டு சுத்துது," என்றான் ஆஷிக் அலி.

"சரி, அதோட நான் ஒரு பாட்டுப் படிக்கேன்," என்றாள் ஞானபூரணம் அக்கா. "சர்ச்சு சபையில படிக்கத மாதிரி இல்ல, பொதுவான பாட்டு."

இப்படி ஐந்து ஞாயிறு. ராஜாவுக்கு ஒரு மந்திரி தேவைப்பட்டார். மந்திரிக்கு ஒரு சந்தேகம் தேவைப்பட்டது. மாத்திரைகளாக வெள்ளைப் பாவாடையில் எட்டுப் பிள்ளைகள் ஆடினால் நன்றாக இருக்கும் என்று ஒருவருக்குத் தோன்ற, சரி, அதோட கும்மியும் வந்தது. எல்லாம் ஜெயசித்ரா படுத்திருக்கும் நேரத்துக்குள்ளேயே நடந்தன. ஏனென்றால் அங்கேதான் ஒன்றும் நடக்காமல் இடம் காலியாகக் கிடந்தது. பன்னிரண்டு எட்டாகி, எட்டு மூன்றாகி, ஐந்தாம் ஞாயிறு ஜாய்ஸ் கடிகாரத்தை வைத்துப் பார்த்தபோது நாற்பது விநாடி மிஞ்சியிருந்தது. அதிலும் மந்திரி தும்முகிறார்.

ஆறாம் ஞாயிறு ஜெயசித்ரா இன்னொரு மனுவோடு வந்தாள். பொருள்: பன்னிரண்டு நிமிட ஆக்கிரமிப்பை அகற்றக் கோருதல். 'எனது கைவசத்திலும் அனுபவத்திலும் இருந்துவரும் மேற்படி பன்னிரண்டு நிமிடத்தில் மேற்படி ராஜா என்பவர் வாளுடன் அத்துமீறி நுழைந்து...' நிலத் தகராறு மனுவைப் போல நான்கு எல்லைகளும் குறிக்கப்பட்டிருந்தன. கிழக்கே ராஜா பிரவேசம், மேற்கே மங்களம், வடக்கே கும்மி, தெற்கே பாட்டு.

வேல்சாமி அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். தறிக்குப் பக்கத்துக் காலி இடத்துக்காக அவரே அவளிடம் இதே மாதிரி மூன்று மனு அடித்து வாங்கியவர். மூன்றுக்கும் பதில் வரவில்லை.

"ஆக்கிரமிப்புத்தான்," என்றார். "நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா. காலி பண்ணிருதேன். ஆனா ஓரத்துல நின்னுக்கிடுதேன் தாயி. காவலுக்கு."

பாட்டும் கும்மியும் சிவப்பு விளக்கும் முன்பகுதிக்குப் போயின. பன்னிரண்டு நிமிடமும் முழுசாகத் திரும்பக் கிடைத்தது.

நாடகம் போட ஏற்பாடானது சித்திரைக் கொடைக்கு. தெருக் கமிட்டித் தலைவர் சண்முகையாவிடம் பேசி முடித்தவன் இசக்கித்துரை. நோட்டீஸ் வந்தது. 'மாலை 7 மணிக்கு: டைபாய்டு விழிப்புணர்வு நாடகம்.'

ஜெயசித்ரா நோட்டீஸை அவன் முன்னால் வைத்தாள்.

"கமிட்டில போயி வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத?" என்றான் அவன். "கொடையில போயி அந்தப் பேச்செல்லாம்... நாளைக்கு நம்மள ஒரு மாதிரியாப் பாப்பாங்கட்டி."

"நோட்டீசு போனாப் போகுது. மைக்லயாவது சரியாச் சொல்லுங்க."

"பாப்போம்."

கொடையன்று தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. கம்பத்துக்குக் கம்பம் எட்டுக் குழாய். இசக்கித்துரை மைக்கை எடுத்து, "அன்பார்ந்த பொதுமக்களே, அடுத்ததாக, ஒரு விதமான காய்ச்சல் பற்றிய நாடகம்" என்றான். திரைக்குப் பின்னால் ஜெயசித்ராவின் சேலையில் காலர் மைக்கை மாட்டிக்கொண்டிருந்த ஜாய்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். ஜெயசித்ரா போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

முன்பகுதிக்கு நல்ல கைதட்டல். ராஜாவுக்கு விசில்கூட வந்தது. பிறகு விளக்குகள் அணைந்து ஒரே ஒரு விளக்கு கட்டில்மேல் விழுந்தது. ஜாய்ஸ் மேடையோரத்தில் செல்போன் கடிகாரத்தைத் தட்டிவிட்டாள். பன்னிரண்டு முடிந்ததும் துப்பட்டாவை ஆட்டிக் காட்டுவது அவள் பொறுப்பு.

ஒரு நிமிடம் போனது. இரண்டு போனது.

"கரண்டு போயிட்டோ?"

"லைட்டு எரியுதுல்லா வே."

"பின்ன ஏன் ஒண்ணும் நடக்க மாட்டங்கு?"

"டைபாய்டுல்லா. அப்படித்தான் இருக்கும்."

மூன்றாம் நிமிடத்தில் சண்முகையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேடையில் இப்படி ஓர் இடைவெளி விழுந்தால் அது பொன்னாடைக்காக விடப்படும் இடைவெளி என்பது அவர் நாற்பது வருட அனுபவம். நடிகை காத்துக் கிடக்கிறாள், தலைவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நாளைக்கு யாரும் பேசிவிடக் கூடாது. பொன்னாடையோடு மேடையேறினார். படுத்திருப்பவருக்கு எப்படிப் போர்த்துவது? ஒரு விநாடி யோசித்துவிட்டு, கழுத்திலிருந்து கால்வரை விரித்து மூடினார். பழக்க தோஷத்தில் இசக்கித்துரையின் வாய் திறந்துகொண்டது. "கமிட்டித் தலைவர் அண்ணாச்சி அவர்கள் பொன்னாடை போர்த்திக் கௌரவிக்கிறார்கள்!"

ஒருவர் பெயர் குழாயில் வந்துவிட்டால் மற்றவர்கள் சும்மா இருக்க முடியாது. வியாபாரிகள் சங்கம் எழுந்தது. ஆட்டோ ஸ்டாண்டு எழுந்தது. மகளிர் குழு இரண்டு பேராக வந்து, ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து விரித்தது. வரிசையாக ஏறினார்கள், கட்டிலைச் சுற்றி வந்தார்கள், கால்மாட்டில் இறங்கினார்கள். ஜாய்ஸ் தடுக்கத்தான் நினைத்தாள். ஐந்து வாரம் தானே ஊட்டி வளர்த்த 'இல்லை என்று சொல்லக் கூடாது' அவள் வாயையே கட்டிப்போட்டிருந்தது. ஒன்பது பொன்னாடைக்கு அடியில் ஜெயசித்ராவின் முகம் மட்டும் தெரிந்தது.

கரிவலம்வந்தநல்லூர் பஸ் தாமதமாக வந்த நேரம் அதுதான். அதிலிருந்து இறங்கி வந்தவள் ஜெயசித்ராவின் சித்தி முருகம்மாள். நாடகம் என்று அவளுக்குத் தெரியாது, கொடைக்கு வந்தவள். தெருமுனையில் நின்று பார்த்தாள். உயரத்தில் கட்டில். கட்டிலில் மகள். அவள்மேல் துணிமேல் துணியாகப் போர்த்திக்கொண்டு ஊரே சுற்றி வருகிறது. ஒவ்வொருவர் பெயரையும் மருமகன் மைக்கில் சொல்கிறான்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையேறி, கட்டில்மேல் விழுந்தாள்.

"ஏ என்னப் பெத்த மவளே! ஊருக்கெல்லாம் மனு எழுதினியே! எமனுக்கு ஒரு மனு எழுதத் தெரியலையே! பாவி டைபாய்டு கடசியில கொண்டு போயிட்டே!"

காலர் மைக் அவள் வாய்க்கு நேராக இருந்தது. எட்டுக் குழாயும் ஒப்பாரி வைத்தன. ஒருத்தியைத் தனியாக அழவிடக் கூடாது என்று மகளிர் குழுவில் இரண்டு பேர் திரும்ப ஏறி அவள் தோளைக் கட்டிக்கொண்டார்கள். சற்று முன்னால் பொன்னாடை போர்த்திய ஆட்டோக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"சித்தி! அழாதீங்க!" இசக்கித்துரை மைக்கோடு மேடைக்கு ஓடி வந்தான். "சாகல சித்தி. நாடகம் இது."

"என்ன நாடகம் போடுத, கொலகாரப் பாவி? பதினோரு மாசம் டைபாய்டுல கெடந்த பிள்ளைக்கு நல்ல ஆசுபத்திரி பாத்தியா நீ?"

"டைபாய்டு இல்ல சித்தி!"

அது குழாயில் போய்விட்டது. அழுகை நின்றது. தெருவும் நின்றது.

"பின்ன என்ன?" என்றாள் முருகம்மாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு.

இசக்கித்துரை கையிலிருந்த மைக்கைப் பார்த்தான். இருபது வருடமாகப் பிடித்த மைக். "ஹலோ," என்றான். "ஹலோ. மைக் டெஸ்ட். ஒன், டூ..." யாரும் சிரிக்கவில்லை. "டிப்ரஷன். மனச்சோர்வு. காய்ச்சல் ஒரு நாளும் அடிக்கல. எந்திரிக்க முடியாமக் கெடந்தா. சோம்பேறின்னு சொல்லிருவீங்களோ, வேற ஏதும் சொல்லிருவீங்களோன்னு நாந்தான் டைபாய்டுன்னு சொன்னேன். அவளுக்குக் கஞ்சியா ஊத்துனேன். அவ்வளவுதான். நன்றி வணக்கம்."

நன்றி வணக்கம் என்றதும் பழக்கத்தில் இரண்டு பேர் கை தட்டிவிட்டு நிறுத்தினார்கள்.

"அப்ப எந்திரிச்சுக் காட்டச் சொல்லு," என்றாள் முருகம்மாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "எந்திரிட்டி. சித்தி பாக்கணும்."

ஒன்பது பொன்னாடைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. எட்டுக் குழாயிலும் தெளிவாகக் கேட்டது.

"சித்தி, நான் சாகல. ஆனா இப்ப எந்திரிக்க மாட்டேன். இன்னும் ஏழு நிமிஷம் கெடக்கும். உக்காருங்க."

"எதுக்குட்டி ஏழு நிமிஷம்?"

"சும்மாதான்."

முருகம்மாள் ஊரைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள். பிறகு கட்டிலின் கால்மாட்டில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மகளிர் குழுவும் இறங்க வழி தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டது. இன்னொரு சங்கம் பொன்னாடையோடு படியேறப் பார்த்தது. ஓரத்தில் நின்ற ராஜா தகர வாளைக் குறுக்கே நீட்டினார். "உக்காரும்வே. அந்தப் பிள்ள அனுபவத்துல இருக்கு."

இசக்கித்துரை ஆம்ப்ளிஃபயரிடம் போய் எல்லாவற்றையும் அணைத்தான். குழாய்களில் எப்போதும் இருக்கும் அந்த இரைச்சல் நின்றபோதுதான், அப்படி ஓர் இரைச்சல் இவ்வளவு நேரமும் இருந்தது என்று தெரிந்தது. திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டான், அவிழ்த்தான். பிறகு தரையில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

ஒன்றும் நடக்கவில்லை. யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க மாமாவும் இப்படித்தான் ரெண்டு வருசம் கெடந்தாரு, மஞ்சக்காமாலைன்னு சொன்னோம்" என்றாள், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. அதற்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒருவர் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். நாற்காலியைக் கொஞ்சம் அவள் பக்கமாக நகர்த்திப் போட்டார்.

பன்னிரண்டு நிமிடம் எப்போது முடிந்தது என்று யாருக்கும் தெரியாது. கொடையில் சாப்பிட்டாயா என்று கேட்க நாகர்கோவிலிலிருந்து அம்மா போன் செய்ய, ஜாய்ஸ் பதறி அணைத்ததில் கடிகாரமும் நின்றுபோயிருந்தது. துப்பட்டா ஆடவில்லை. ஜெயசித்ரா காத்துக் கிடந்தாள். சொல்ல யாருமில்லை. மாத்திரைகளாக ஆடிய எட்டுப் பிள்ளைகளும் மேடையோரத்தில் தூங்கிவிட்டிருந்தன.

கழுத்தில் ஜரிகை குத்தியது. அவள் ஒரு கையை வெளியே எடுத்தாள். பிறகு மற்றக் கையை. பொன்னாடைகள் ஒவ்வொன்றாகச் சரிந்து விழுந்தன. ஒருக்களித்துப் படுத்து, முழங்கையை ஊன்றி, எழுந்து உட்கார்ந்தாள். கால் தரையைத் தொட்டதும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். யாரும் கை தட்டவில்லை. தட்டலாமா என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"முடிஞ்சிட்டா?" என்று இசக்கித்துரை கேட்டான்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"தெரியல. நான் உன்னயத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஜெயசித்ரா முகத்து வியர்வையை முந்தானையால் துடைத்தாள்.

"மைக்கப் போடட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்க," என்றாள். "பசிக்குது. காரமா ஏதாவது இருக்கான்னு பாருங்க."